14 நாளில் இத்தாலி, பட்டியலில் ஒன்பது ஊர்: எதை விடுவது, எந்த வரிசையில் போவது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மே மாதம், சென்னையிலிருந்து கணவன், மனைவி, கூடவே 64 வயது அம்மா. மூவரும் சைவம். கையில் 14 நாள். மிலான், கோமோ ஏரி, வெனிஸ், ஃப்ளோரன்ஸ், பைசா, சிங்குவே தெர்ரே, ரோம், நேபிள்ஸ், அமால்ஃபி என்று ஒன்பது இடங்கள். ரயிலா காரா, எந்த வரிசை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் உங்கள் பட்டியலைப் பார்த்தால் உண்மையான கேள்வி வேறு: இதில் எவற்றை மனசைத் தேற்றிக்கொண்டு விடுவது?

14 நாள் என்பது 13 இரவு. இறங்குகிற நாளில் பாதிதான் தேறும். கிளம்புகிற நாள் கணக்கிலேயே வராது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறும் ஒவ்வொரு முறையும் நான்கைந்து மணி நேரம் போகும். ரயில் இரண்டு மணி நேரம்தான் ஓடும். ஆனால் பெட்டி கட்டுவது, காலை பத்து பத்தரைக்குள் அறையைக் காலி செய்வது, ஸ்டேஷனில் காத்திருப்பது, புது ஊரில் விடுதியைத் தேடிப் போவது, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்று தெரிந்து பெட்டியை வரவேற்பில் போட்டுவிட்டு வெளியே வருவது எல்லாம் அதில் சேர்த்தி. ஒன்பது இடம் என்றால் எட்டு மாற்றம். முழுதாக நான்கு நாள் பெட்டி இழுப்பதிலேயே போகும். ஆகவே தங்கும் ஊர் நான்கு போதும்: வெனிஸ் 3 இரவு, ஃப்ளோரன்ஸ் 4, நேபிள்ஸ் 2, ரோம் 4. பைசா ஃப்ளோரன்ஸிலிருந்து ஒருநாள் போய் வருவதில் அடங்கிவிடும்.

விடுவதில் மிலானுக்காக அதிகம் வருத்தப்பட வேண்டாம். முதல் முறை போகிறவர்களை அங்கே கட்டாயம் இழுக்கும் பொருள் என்றால் சாந்தா மரியா தெல்லே கிராத்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில் லியோனார்தோ 1495-க்கும் 1498-க்கும் இடையில் வரைந்த ‘கடைசி விருந்து’தான். அதைப் பார்க்கக் கொடுப்பது 15 நிமிடம். முன்பதிவு திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். மிலான் போனால்தான் கோமோ என்பதால் அதுவும் கூடவே போய்விடுகிறது. கடலோரத்து ஐந்து கிராமங்களான சிங்குவே தெர்ரேயை ஃப்ளோரன்ஸிலிருந்து ஒரே நாளில் பார்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். போக வர ஐந்து மணி நேரம் ரயிலில் கழியும், மிச்ச நேரம் கூட்டத்தோடு கூட்டமாக ஸ்டேஷன் சுரங்கப் பாதையில். அவற்றில் ஒன்றான கொர்னீலியாவில் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு ஏற 370-க்கும் மேல் படிகள், அம்மாவுக்கு ஆகாது. அமால்ஃபியை விடச் சொல்வதுதான் எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. அங்கே இரண்டு இரவாவது தங்க வேண்டும். பக்கத்து ஊரான சொரெந்தோவிலிருந்து வளைந்து வளைந்து போகும் ஒற்றைச் சாலையில் பஸ் நெரிசல் மே மாதமே தொடங்கிவிடும்.

வரிசை: வெனிஸில் இறங்கி, ரோமிலிருந்து ஏறுங்கள். விமான டிக்கெட் தேடும்போது ‘போக வர’ என்பதை விட்டு ‘பல நகரங்கள்’ என்ற தேர்வைப் போட்டுப் பாருங்கள். வளைகுடா வழியாக வரும் விமானங்கள் வெனிஸுக்கே நேராக வருகின்றன. விலை பெரும்பாலும் ரோம்–ரோம் டிக்கெட்டை ஒட்டியே இருக்கும். வெனிஸை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மே மாதம் இத்தாலி நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். முதல் இரண்டு நாள் காலை நாலு, நாலரைக்கே தூக்கம் கலைந்துவிடும். வேறு எந்த ஊரிலும் அது வீண். வெனிஸில் அதுவே லாபம். ஐந்தரைக்கு விடிந்துவிடும், சான் மார்கோ சதுக்கத்தில் கூட்டுகிறவரும் புறாக்களும்தான் இருப்பார்கள். பத்து மணிக்கு அதே இடத்தில் நிற்க இடமிருக்காது. ரோமைக் கடைசியில் வைப்பது பாதுகாப்புக்காக. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் சாதாரண விஷயம். விமானம் ஏறும் ஊரிலேயே கடைசி இரவுகள் இருந்தால் அதைப் பற்றிக் கவலையில்லை.

அடுத்தது கிழமை. அனுபவமுள்ளவர்கள் இத்தாலித் திட்டம் போடும்போது முதலில் எடுத்து வைப்பது மூடும் நாட்களின் பட்டியலைத்தான். ஃப்ளோரன்ஸின் கலைக்கூடங்களான உஃபீத்சியும் அக்காதெமியாவும் திங்கள் விடுமுறை. ரோமின் போர்கேசே கேலரியும் திங்கள் மூடல். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடல்; மாதக் கடைசி ஞாயிறு மட்டும் பகல் வரை இலவசமாகத் திறக்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் போய்ச் சிக்க வேண்டாம். நேபிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகம் செவ்வாய் மூடல். மாத முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம் என்பதால் வரிசை தெருவைச் சுற்றும். மே 1 பொது விடுமுறை, பல இடங்கள் திறக்காது. இத்தனையையும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு வாகான இறங்கும் நாள் புதன்கிழமை. புதன், வியாழன், வெள்ளி இரவுகள் வெனிஸ். சனி காலை ஃப்ளோரன்ஸ்; ஞாயிறு அக்காதெமியா, திங்கள் எல்லாம் மூடியிருக்கும்போது பக்கத்து ஊர்களான லூக்காவும் பைசாவும், செவ்வாய் உஃபீத்சி. புதன் நேபிள்ஸ், அன்று பிற்பகலே அருங்காட்சியகம், வியாழன் எரிமலை புதைத்த பழைய ஊரான பாம்பேய். வெள்ளி ரோம், சனி கொலோசியம், ஞாயிறு போர்கேசே, திங்கள் வத்திக்கான், செவ்வாய் விமானம். வேறு கிழமையில் இறங்க நேர்ந்தால் ஊர்களின் வரிசையை மாற்றாதீர்கள். ஃப்ளோரன்ஸின் திங்களும் ரோமின் ஞாயிறும் எங்கே விழுகின்றன என்று பார்த்து இரவுகளை ஒன்று கூட்டி ஒன்று குறைத்தால் போதும்.

முன்பதிவுகளில் தேதி முக்கியம். இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள். 45 நாள் வரை இழுக்கவும் விதியில் இடமுண்டு, அதோடு கோடைக்கு முன் விண்ணப்பம் கொடுக்க நாள் கிடைப்பதே தாமதமாகும். எனவே மே பயணத்துக்கு ஜனவரியில் கொடுத்துவிடுங்கள். விடுதிகளை இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் மட்டும் பதியுங்கள். ரயில், அருங்காட்சியக டிக்கெட்டுகளை விசா கையில் வந்த பிறகு வாங்கினால் போதும். அதற்குள் எல்லாம் தீர்ந்துவிடாது. வத்திக்கான் டிக்கெட் ஏறக்குறைய 60 நாள் முன்பும், கொலோசியம் 30 நாள் முன்பும் திறக்கின்றன. கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியலை விரித்து எழுதுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் தடுமாற்றம் வருவது இங்கேதான். அதிகாரபூர்வ தளத்தில் தீர்ந்துவிட்டது என்றால் வழிகாட்டியோடு சேர்த்து விற்கும் டிக்கெட் கிடைக்கும், விலை இரண்டு மூன்று மடங்கு. தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் இந்த இடைத்தரகர்களின் தளம். அதிகாரபூர்வ தளம் கீழே இருக்கும்.

கார் வேண்டாம். இந்த நான்கு ஊர்களின் நடுப்பகுதியிலும் அதற்கு வேலையே இல்லை. வெனிஸில் சாலையே கிடையாது. மற்ற ஊர்களில் ‘சேத்தா தீ எல்லே’ (ZTL) என்று சொல்லும் கட்டுப்பாட்டு மண்டலங்கள் இருக்கின்றன. அனுமதியில்லாத வண்டி உள்ளே நுழைந்தால் கேமரா படம் எடுக்கும், அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வாடகை நிறுவனம் வழியாக வீட்டுக்கு வரும். ஒரே தெருவில் மூன்று முறை சுற்றினால் மூன்று சீட்டு.

அதிவேக ரயிலை இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன: அரசுடைய ட்ரெனிதாலியாவின் ஃப்ரெச்சாரோஸ்ஸா, தனியாருடைய இத்தாலோ. வெனிஸ்–ஃப்ளோரன்ஸ் இரண்டே கால் மணி, ஃப்ளோரன்ஸ்–நேபிள்ஸ் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு, நேபிள்ஸ்–ரோம் ஒன்றேகால் மணி. முன்னதாக வாங்கினால் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும், ஆனால் மலிவு டிக்கெட்டை மாற்றவோ திருப்பித் தரவோ முடியாது. மூன்றே பயணம் என்பதால் ரயில் பாஸ் கட்டுப்படியாகாது. பாஸ் இருந்தாலும் அதிவேக ரயிலில் இருக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஸ்டேஷனில் ஒரு விஷயம் கவனியுங்கள். பலகையில் நீங்கள் போகும் ஊரின் பெயர் இருக்காது, ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான் இருக்கும். வெனிஸில் ‘ஃபிரென்சே’ (ஃப்ளோரன்ஸின் இத்தாலியப் பெயர்) என்று தேடினால் கண்ணில் படாது. ‘ரோமா தெர்மினி’ (ரோமின் முதன்மை ஸ்டேஷன்) என்றோ ‘நாப்போலி’ (நேபிள்ஸ்) என்றோ எழுதியிருக்கும் ரயில்தான் ஃப்ளோரன்ஸ் வழியாகப் போகிறது. அதனால் டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணைப் பார்த்துத் தேடுங்கள். ‘பார்த்தென்சே’ என்றால் புறப்பாடு, ‘பினாரியோ’ என்றால் பிளாட்பாரம். அந்த எண் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு முன்னால்தான் ஒளிரும். கதவு ஓரிரு நிமிடம் முன்பே அடைத்துவிடும். வெனிஸில் சாந்தா லூசியா என்பது தீவுக்குள் இருக்கும் ஸ்டேஷன், மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருப்பது. இரண்டையும் குழப்பி முன்னதாகவே இறங்கிவிடுகிறவர்கள் ஏராளம்.

லூக்கா, பைசா போகும் உள்ளூர் ரயிலுக்கு விதி வேறு. விலை எப்போது வாங்கினாலும் ஒன்றுதான், இருக்கை எண் கிடையாது. ஆனால் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் செருகி முத்திரை அடிக்க வேண்டும். செல்பேசியில் வாங்கினால் அதிலேயே ‘செக்-இன்’ அழுத்த வேண்டும். மறந்தால் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டும் செல்லாத டிக்கெட்தான். தெரியாது என்று சொன்னால் பரிசோதகர் இரங்குவார் என்று நம்ப வேண்டாம். வேலைநிறுத்தத்துக்கு ‘ஷோப்பெரோ’ என்று பெயர், முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள், வெள்ளிக்கிழமைகளில் அதிகம். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்கள் ஓடியே ஆக வேண்டும்; தொலைதூர ரயில்களில் கட்டாயம் ஓடும் பட்டியல் ஒன்றும் வெளியிடுவார்கள். உங்கள் திட்டத்தில் வெள்ளிக்கிழமை இருப்பது மிகக் குறுகிய நேபிள்ஸ்–ரோம் பயணம் என்பதால் சமாளித்துவிடலாம்.

வெனிஸ் விமான நிலையத்திலிருந்து, வண்டிகள் கடைசியாக நிற்கும் பியாத்சாலே ரோமாவுக்கு பஸ் 10 யூரோ, இருபது இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் கால் அல்லது படகு. விடுதியின் முகவரியை வைத்து எதுவும் தெரியாது: ‘கன்னாரேஜோ 3456’ என்று இருக்கும், எண் தெருவுக்கு இல்லை, அந்தப் பேட்டை முழுவதற்கும் ஓடுகிற எண். ஆகவே பதியும் முன்பே விடுதிக்கு இரண்டு கேள்வி எழுதுங்கள்: பக்கத்துப் படகுத்துறை எது, அங்கிருந்து எத்தனை பாலம்? ஒவ்வொரு பாலமும் ஏறி இறங்கும் படிக்கட்டு. 25 கிலோ பெட்டியோடு மூன்று பாலம் தாண்டினால் முதல் நாளே முதுகு பிடித்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு சிறிய பெட்டி, எட்டுப் பத்து கிலோவுக்குள். துணியை ஃப்ளோரன்ஸில் துவைத்துக்கொள்ளலாம். தண்ணீர் பஸ்ஸான வாபொரெத்தோ ஒரு முறைக்கு 9.50 யூரோ (75 நிமிடம்), 72 மணி நேரப் பாஸ் 45 யூரோ. அம்மா இருப்பதால் பாஸ் லாபம். 1-ஆம் எண் படகில் மாலை வெளிச்சத்தில் பெருங்கால்வாய் முழுவதும் ஒரு முறை போங்கள். கொண்டோலா என்ற துடுப்புப் படகுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். அதையும் விட மனசில்லை என்றால் அதிகாரபூர்வ விலை பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 110. தலைக்கு இல்லை, படகுக்கு. பகல்நேரப் பயணிகளுக்கான நுழைவுக் கட்டணம் 2024-இல் வந்தது, ஏப்ரலிலிருந்து ஜூலை வரை குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும். இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த நாட்களில் விலக்குக்கான பதிவை இணையத்தில் செய்து, வரும் குறியீட்டை வைத்திருக்க வேண்டும்.

ஃப்ளோரன்ஸ் நடந்தே பார்க்கும் ஊர். ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடையில் அறை எடுங்கள். பேராலயத்தின் மேல் புருனெல்லெஸ்கி கட்டிய குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் இல்லை, பாதி வழியில் திரும்பவும் முடியாது. நீங்கள் இருவரும் ஏறுங்கள், அம்மாவைக் கீழே நல்ல காபிக் கடையில் உட்கார வையுங்கள். திங்கள்கிழமைக்குப் பலர் சியேனா சொல்வார்கள். அழகான ஊர்தான், ஆனால் எல்லாத் தெருவும் ஏற்ற இறக்கம். லூக்கா சமதளம், 4.2 கிலோமீட்டர் கோட்டைச் சுவரின் மேலேயே மரநிழலில் நடக்கலாம், உட்கார பெஞ்சு உண்டு. காலையில் லூக்கா, அங்கிருந்து அரை மணி நேர ரயிலில் பைசா, மாலை ஃப்ளோரன்ஸ். பைசா கோபுரத்தில் ஏற வேண்டும் என்றால் நேரம் குறித்து முன்பே வாங்க வேண்டும், பை எதுவும் உள்ளே விடமாட்டார்கள்.

நேபிள்ஸில் அருங்காட்சியகத்தை முதலில் பார்க்கச் சொன்னதற்குக் காரணம், பாம்பேயில் கிடைத்த ஓவியங்களிலும் மொசைக்குகளிலும் சிறந்தவை அங்கேதான் இருக்கின்றன. அவற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு போனால்தான் மறுநாள் வெறும் சுவர்கள் பேசும். பாம்பேய்க்கு நேபிள்ஸ் மத்திய ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள கரிபால்தி நிலையத்திலிருந்து சிர்க்கும்வெசுவியானா ரயிலில் சொரெந்தோ வழித்தடம், இறங்க வேண்டியது ‘பொம்பேய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி’. வெறும் ‘பொம்பேய்’ என்றும் ‘பொம்பேய் சாந்துவாரியோ’ என்றும் வேறு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இறங்கினால் முதன்மை வாயிலுக்கு நெடுநடை. ரயில் பழசு, கூட்டம் அதிகம், பணப்பையை முன்பக்கம் வையுங்கள். 2024 நவம்பரிலிருந்து நாளுக்கு 20,000 பேருக்கு மட்டும் பெயரிட்ட டிக்கெட். உள்ளே நிழல் கிடையாது, தெருவெல்லாம் எரிமலைப் பாறை பாவியது, மேடு பள்ளம். முழங்கால் வலி இருந்தால் அதே தடத்தில் முன்னால் வரும் எர்க்கொலானோவில் இறங்கி ஹெர்குலேனியம் பாருங்கள். 79-ஆம் ஆண்டு பாம்பேயைப் புதைத்த அதே எரிமலையால் புதைந்த ஊர்தான். பரப்பு மிகச் சிறியது, ஆனால் மாடி வீடுகளும் கரிந்த மரச்சட்டங்களும் அப்படியே நிற்கின்றன. அம்மா இருக்கும் குழுவுக்கு என் தேர்வு இதுதான்.

ரோமில் வெள்ளி பிற்பகல் பாந்தியன் என்ற பழைய கோயில், நவோனா சதுக்கம், த்ரேவி நீரூற்று என்று நடை. பாந்தியனுக்கு 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் வந்தது. கொலோசியம் டிக்கெட்டிலேயே பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரமும் பலத்தீன் குன்றும் அடங்கும். வெயில் ஏறுமுன் ஃபோரத்தை முடியுங்கள். போர்கேசேயில் இரண்டு மணி நேரம்தான், முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். திங்களன்று மற்ற அருங்காட்சியகங்கள் மூடியிருப்பதால் வத்திக்கானில் நெரிசல், அதனால் காலை 8 மணி நேரத்தைப் பிடியுங்கள். புனித பீட்டர் பேராலயம் தனி, கட்டணமில்லை. அருங்காட்சியக வாசலிலிருந்து மதிலைச் சுற்றிக் கால் மணி நேர நடை. அங்கே குவிமாடத்துக்கு 551 படி, லிஃப்டில் மொட்டைமாடி வரை போனாலும் 320 மிச்சம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்; புடவையோ சல்வாரோ இருந்தால் பிரச்சினையே இல்லை.

சாப்பாடு. இத்தாலியில் சைவம் சுலபம் என்று சொல்வது பாதி உண்மை. ‘சியாமோ வெஜெதாரியானி, நியென்தே கார்னே, நியென்தே பெஷே’ (நாங்கள் சைவம், இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்றால் புரிந்துகொள்வார்கள். பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ரிசொத்தோ என்ற அரிசி உணவும் சூப்பும் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்வது. ‘சே ப்ரோதோ தி கார்னே?’ என்று கேளுங்கள். மிலான் பாணி மஞ்சள் ரிசொத்தோவில் எலும்பு மஜ்ஜை சேரும். ரோமில் புந்தாரெல்லே என்ற கீரைச் சாலட் பார்க்கப் பச்சையாக இருக்கும், மேலே ஊற்றியிருப்பது நெத்திலி அரைத்த எண்ணெய். நேபிள்ஸில் தராள்ளி என்ற முறுக்கிலும் பல பலகாரங்களிலும் பன்றிக் கொழுப்பு. பன்னா கோத்தா என்ற பாலேட்டு இனிப்பில் ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது). பார்மிஜானோ, பெக்கொரீனோ பாலாடைக்கட்டிகளை உறைய வைப்பது கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்று உறையால். இது உங்கள் வீட்டில் ஏற்குமா என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஏற்காது என்றால் பிட்சா மரினாரா கைகொடுக்கும், தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும். ஸ்பகெத்தி போன்ற உலர் பாஸ்தாவில் முட்டை இல்லை, கடையிலேயே புதிதாகச் செய்யும் தாலியத்தெல்லே என்ற பட்டைப் பாஸ்தாவில் உண்டு. நல்ல செய்தியும் ஒன்று: உணவுப் பட்டியலில் ‘பெப்பெரோனி’ என்று பார்த்து, பிட்சாவில் போடும் இறைச்சி என்று பயப்பட வேண்டாம், இத்தாலியில் அது குடைமிளகாய். ரோமின் யூதப் பகுதியில் பொரித்த ஆர்ட்டிசோக்கை (இதழ் இதழான பூமொட்டுக் காய்) கேளுங்கள், ‘கார்ச்சோஃபி அல்லா ஜூதியா’. இதழ் இதழாக அப்பளம்போல் நொறுங்கும்.

ஃப்ளோரன்ஸ் நான்கு இரவுக்குச் சமையலறை உள்ள அறை எடுத்தால் அம்மா பிழைத்தார். அரிசியும் இனிப்பில்லாத தயிரும் எந்தக் கடையிலும் கிடைக்கும். பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை, ஆகவே நெய், பால்கோவா, மைசூர்பாகு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். ஹோட்டல்களில் இரவு உணவு ஏழு, ஏழரைக்கு முன் தொடங்காது. பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்ற மேசைக் கட்டணம் தலைக்கு ஒன்று முதல் மூன்று யூரோ இருக்கும், அது ஏமாற்று இல்லை. காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. ரோமில் தெருக்குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம்.

செலவில் விடுதிதான் பெரும்பகுதி. மே மாதத்தில் மூவர் தங்கும் மூன்று நட்சத்திர அறைக்கு இரவுக்கு 150 முதல் 220 யூரோ ஒதுக்குங்கள்; இது என் மதிப்பீடு, வெனிஸ் வார இறுதியில் தாண்டலாம். அதற்கு மேல் நகர வரி தனி: ரோமில் மூன்று நட்சத்திரத்துக்குத் தலைக்கு இரவுக்கு 6 யூரோ, உங்கள் மூவருக்கு நான்கு இரவில் 72. பல இடங்களில் இதை ரொக்கமாகக் கேட்பார்கள். ஏடிஎம்மில் ‘ரூபாயில் கழிக்கவா?’ என்று கேட்டால் மறுத்து யூரோவையே தேர்ந்தெடுங்கள். நான் சொன்னவற்றில் மூடும் கிழமைகளும் பயண நேரங்களும் பெரிதாக மாறுவதில்லை. கட்டணங்களும் வெனிஸ் நுழைவுக் கட்டணத் தேதிகளும் டிக்கெட் திறக்கும் நாட்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. வாங்கும் முன் அந்தந்த அதிகாரபூர்வ தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை வந்திருக்கிறது, அதனால் இறங்கும் நாளில் குடிவரவு வரிசைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

கடைசிச் செவ்வாய், தெர்மினியிலிருந்து ஃப்யூமிச்சீனோ விமான நிலையத்துக்கு லெயோனார்தோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடம், தலைக்கு 14 யூரோ, மூவருக்கு 42. ரோம் நகராட்சியின் வெள்ளை டாக்சிக்குப் பழைய மதிலுக்குள்ளிருந்து நிர்ணயித்த விலை 55, பெட்டியும் சேர்த்து, விடுதி வாசலிலிருந்தே. 13 யூரோ வித்தியாசத்துக்கு அம்மாவை தெர்மினியில் பெட்டி இழுக்க விட வேண்டாம். ஏறுமுன் விலையை மட்டும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.